கடிகாரம் கழற்றும் சார்

முரளிதரன் சார் பிள்ளைகளை அடிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அடிபடும் முதுகைவிட அதன் மேல்தான் அவருக்கு அக்கறை. ஆந்திர எல்லைப் புத்தூரில் அவர் நடத்தும் பள்ளியில் பத்து வருடம் படித்த ஹரிதா, திருப்பதியில் பட்டம் வாங்கி அதே பள்ளிக்கு மூன்றாம் வகுப்பு டீச்சராக வந்தபோதும் அந்தப் பழக்கம் மாறியிருக்கவில்லை. வாசலில் மட்டும் ‘அன்பே எங்கள் பாடம்’ என்று தெலுங்கில் ஒரு புதுப் பலகை.

அவள் வகுப்பில் சந்தியா. நகரியில் விசைத்தறி ஓட்டும் பிரமிளாவின் மகள், எட்டு வயது. மனம் கலங்கினால் அலறுவாள். கையில் கிடைத்ததை எறிவாள். இரண்டு பள்ளிகள் ஏற்கெனவே அவளை வெளியே அனுப்பிவிட்டன. “இன்னொரு தபா நடந்தா டி.சி.தான்” என்று சாரும் சொல்லிவிட்டார்.

“கத்தசொல்ல அவளுக்குப் பேச்சு காதுல வுழாது மேடம்,” என்றாள் பிரமிளா. “தறி ஓடசொல்ல நாங்க கையாலதான பேசிக்கிறோம்? அப்பிடிக் காட்டுங்க.” உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கினாள். தறியை நிறுத்து என்று அர்த்தம். படித்த ஹரிதாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

ஒரு திங்கட்கிழமை யாரோ சந்தியா வரைந்த படத்தைக் கிழித்துவிட்டார்கள். ஜாமெட்ரி பாக்ஸ் பறந்தது. அலறல் கேட்டு வந்த சார் கடிகாரத்தைக் கழற்றினார்.

“நாலு சாத்து சாத்தினா சரியாப்பூடும். தள்ளிக்கமா.”

ஹரிதா விலகவில்லை. வேறு வழி தெரியாமல் தரையில் உட்கார்ந்து கையை இறக்கினாள், மறுபடியும் இறக்கினாள். சந்தியா அந்தக் கையைப் பார்த்தாள். மெல்ல அலறல் அடங்கியது.

“என்னாமா, குச்சிப்புடி ஆடறியா?” சிரித்தபடி சார் சட்டைப்பையைத் தடவினார். கடிகாரம் இல்லை, செல்போன்தான் இருந்தது.

“இந்தத் திருட்டுக் கழுதைதான் எடுத்துக்கினு இருக்கும்.”

நாற்காலியை உதைத்தார். சந்தியாவின் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். டஸ்டரை எறிந்தார். ஐம்பது வயது மனிதர், எச்சில் தெறிக்க. சந்தியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கிக் காட்டினாள்.

“சார், உங்க பேண்ட் பாக்கெட்டு,” என்றான் முன்பெஞ்சுப் பையன் பவன்குமார். கடிகாரம் அங்கே புடைத்துக்கொண்டிருந்தது.

டி.சி. பேச்சு அன்றோடு நின்றது. பெருந்தன்மை ஒன்றுமில்லை, விஷயம் வெளியே போய்விடுமோ என்ற பயம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சார் அந்தக் கைச்சாடையைத் தன் கண்டுபிடிப்பாக மேடையில் செய்துகாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஹரிதாவும் தட்டினாள். அதை நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கூட்டம் கலைந்தபோது பிரமிளா கேட்டாள்: “திருடின்னாரே மேடம், இல்லன்னு ஒரு வார்த்த பாப்பாகிட்ட சொல்லுவாரா?”

சந்தியா இப்போது நான்காம் வகுப்பு. சார் இன்னும் சொல்லவில்லை.