வீட்டில் கேட்டு வாங்கிய பெட்டி

கண்டியில் ஒரு கடையில்தான் அவரைச் சந்தித்தேன். பக்கத்து மஹய்யாவப் பகுதிக்காரர், நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. இசைத்தட்டின் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப் பெட்டி வாங்க இருவரும் வந்திருந்தோம். விலை குறைந்ததில் இரண்டு வகை இருந்தன. தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கடைக்காரர் கேட்டதற்குக்கூட அவர், “வீட்டுல கேட்டுத்தான் சொல்லணும்” என்றார்.

கடைக்காரர் பெட்டிகளை மாற்றி மாற்றி மாட்டித் தட்டைச் சுழலவிட, இவர் கைபேசியை ஸ்பீக்கர் அருகே நீட்டினார்.

“கேக்குதா புள்ள?”

“மொதப் பெட்டி ஈ மொய்க்கிற மாதிரி இரையுதுங்க. ரெண்டாவதையே எடுங்க,” என்றது மனைவியின் குரல்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, போன்ல இரைச்சல் சரியாத் தெரியாதுங்களே?”

“தெரியாதுதான் தம்பி,” என்று சிரித்தார். “போன மாசம் நானாப் பாத்து வாங்குனது இரைஞ்சிச்சு. இன்னொண்ணும் இரைஞ்சா பிளேயரையே வித்துருவேன்னுட்டா. இது அவ எடுத்தது. இனி இரைஞ்சாலும் பாட்டுன்னுதான் சொல்லுவா.”

நான் என் காதை நம்பி முதலாவதை வாங்கினேன். அது வீட்டில் இலேசாக இரைகிறது. தட்டுப் போடும்போதெல்லாம் என் மனைவி என் முகத்தைப் பார்க்கிறாள். நான் அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.