காற்றின் மேல் பழி

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெண் பிள்ளைகளுக்காக ஊரார் சேர்ந்து நடத்திய முதல் கரப்பந்தாட்டப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். அறிவிப்பாளர், கோயில் திருவிழாவில் மைக் பிடிக்கிறவர். காதை மூடிய கம்பளித் தொப்பி, வாய் நிறைய வெற்றிலை. பேசுமுன் மைக்கை மூன்று தட்டுத் தட்டுவார்.

ஒரு பிள்ளை சர்வீஸ் போடும்போதெல்லாம் பந்து வலையிலேயே விழுந்தது. ஒவ்வொரு முறையும் அவர், "காத்து அடிச்சிருச்சுங்க!" என்றார். அன்று ஒரு தேயிலைக் கொழுந்துகூட அசையவில்லை.

இடைவேளையில் கேட்டேன். "காத்தே இல்லீங்களே அண்ணே?"

ஒலிபெருக்கியைக் காட்டினார். அது திடலைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக் கட்டியிருந்தது.

"மேல அவ அம்மா கொழுந்து எடுக்குறாங்க. வெளயாட்டெல்லாம் வேணாம்னாங்க. எல்லாரும் போயி கெஞ்சித்தான் புள்ளய கூட்டியாந்தோம். கேட்டுக்கிட்டு இருப்பாங்கல்ல?"

இடைவேளைக்குப் பின் அந்தப் பிள்ளை போட்ட முதல் சர்வீஸ் வலையைத் தாண்டிப் புள்ளியானது. அவர் மைக்கைத் தட்டுவதற்குள் மலையிலிருந்து ஒரு பெண்குரல் இறங்கி வந்தது.

"என்னாங்க, இப்ப காத்து நின்னுருச்சா?"

அங்கிருந்து திடல் நன்றாகவே தெரியும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் அசராமல் மூன்று தட்டுத் தட்டி, "நின்னுருச்சு தங்கச்சி!" என்றார்.

விதிப்புத்தகத்தில் காற்றுக்கு இடமில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் விசில் ஊதுமுன் ஒருமுறை மரங்களைப் பார்த்துக்கொள்கிறேன்.