இரண்டு படம், ஒரு கண்

என் சின்ன நாத்தனாரின் நடு மகளை வீட்டில் ஒண்ணரை என்றுதான் கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்தே அவள் இடது கண் மூக்கைப் பார்த்தபடி இருக்கும். ஒன்பது வயதில் ஆபரேஷன் செய்தார்கள். கண் நேரானது, பார்வை வரவில்லை. அதற்குள் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவைத்துவிட்டதாம். ஆனாலும் மாடிப்படியில் ஒரு நாள்கூட அவள் இடறியதில்லை. இரண்டு கண்ணும் தெரிந்த அவள் அண்ணன்தான் இரண்டு தடவை உருண்டான்.

வளர்ந்து, பார்வையை ஆராயும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் இரு கண்ணும் நலமா என்று கேட்டிருந்த இடத்தில் ஆம் என்று எழுதிவிட்டாள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தப் பொருள் கிட்டே, எது தள்ளி என்று பொத்தான் அழுத்துவது வேலை. இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் தூரத்தைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு வருஷத்தில் நாற்பதாயிரம் படம். கம்ப்யூட்டருக்குள் மூளை நரம்பு மாதிரி ஒரு வலை பின்னி, இவள் பதில்களை வைத்தே அதற்குப் பார்க்கப் பழக்கினார்கள்.

வலை பழகியது. ஆனால் இடப் படத்தை மூடினாலும் அதே பதிலைச் சொன்னது. புரோகிராம் எழுதியவனுக்கு முணுமுணுப்பு என்று பட்டப்பெயர். மூன்று வாரம் தன் தப்பைத் தேடினான், கிடைக்கவில்லை. அவனுக்குப் பதில் வேறு ஆளைப் போடப்போவதாகத் தலைமை விஞ்ஞானி சொல்லிவிட்டாள்.

அன்று வலையின் பதில்களை இவள் எடுத்துப் பார்த்தாள். இவளைப் போலவே நிழலையும் அளவையும் வைத்தே அது தூரம் சொல்லியிருந்தது. நேராகத் தலைமை விஞ்ஞானியின் அறைக்குப் போனாள்.

"மேடம், அவர் எழுதினதுல தப்பே இல்ல. அது என்னை மாதிரி பாக்குது. எனக்கு இடது கண்ணு தெரியாது."

மேடம் நம்பவில்லை. இவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு இருபது படத்துக்குப் பதில் சொன்னாள். மூன்று தப்பு. அதே மூன்றைத்தான் வலையும் தப்பாகச் சொல்லியிருந்தது.

"சேரும்போது ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சேத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

வாசலில் நின்ற முணுமுணுப்பு, "மூணு வாரமா உன் கண்ணுக்குள்ளயா தேடிட்டிருந்தேன்?" என்றானாம்.

படங்களை வேறு ஒருத்தியிடம் கொடுத்தார்கள். பழைய வலையை அழிக்கவில்லை. கண் இப்படி ஒதுங்கிப்போன பிள்ளைகளைப் புரிந்துகொள்ள உதவும் என்று வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை இவளுக்கே கொடுத்தார்கள். அதற்குப் பெயர் வைத்ததும் இவள்தான்: ஒண்ணரை.

இப்போது வீட்டில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், "எந்த ஒண்ணரை?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறாள்.