இரண்டு சோடி சொக்ஸ்

சூடான சப்பாத்தின் மணம் உங்களுக்குத் தெரியுமா? வெயிலில் காய்ந்த சப்பாத்தைச் சொல்லவில்லை, பாண் சுடுவதுபோல அவணில் வைத்துச் சூடாக்கிய சப்பாத்தைச் சொல்கிறேன். புது றப்பரும் பசையும் இளகி, சின்ன மழை பெய்து ஓய்ந்த தார் றோட்டில் வெயில் எறிக்கும்போது எழும்புமே ஒரு மணம், கிட்டத்தட்ட அப்படி இருக்கும். என் பேத்தி ஆரணியின் ஐஸ் ஹொக்கிச் சப்பாத்தைக் கடைக்காரர் அவணில் இருந்து எடுத்து, ஆறுவதற்குள் அவள் காலில் மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டிய நாளில், எனக்கு அறுபது வருசத்துக்கு முந்திய வேறொரு மணம் மூக்கில் ஏறியது. அது நனைந்த பேப்பரின் மணம்.

எனக்கு எழுத வராது. நான் கதைக்கிறதை மகள் சுதா எழுத்துத் தமிழாக்கி எழுதுகிறாள், இடையில் சிரிக்கவும் செய்கிறாள், அதனால் கதை அங்கேயும் இங்கேயும் போனால் அவளையும் கொஞ்சம் ஏசிக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் நாங்கள் இருந்தது ரவுனுக்குள், பட்டணத்தின் நடுவில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு ஏழு வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் என் காலைப் பார்த்து அளவாக ஒன்றை எடுத்து வைக்க, அது காலைக் கட்டிப்பிடித்ததுபோல இருந்தது, கடைக்குள் நாலு எட்டு நடந்தும் பார்த்தேன். அப்பா வேண்டாமென்று தலையை ஆட்டினார். "வளருற பிள்ளை. ரெண்டு நம்பர் கூட்டித் தாங்கோ."

கூட்டித் தந்தார்கள். வீட்டில் அப்பா பேப்பரைக் கிழித்துச் சின்னச் சின்னச் சுருளாக உருட்டி, சப்பாத்தின் முன்பக்கத்தில் ஐந்து சுருள் திணித்தார். மழை நாளில் அது ஊறிப்போய், வகுப்பு முழுக்க என் காலில் இருந்துதான் அந்த மணம் வரும். நடந்தால் குதிக்கால் கழன்று கழன்று "டொக்கு டொக்கு" என்று சத்தம் கேட்கும், பிள்ளைகள் என்னைக் "குதிரை" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, ஏனென்றால் நான் நல்லாக ஓடுவேன்.

விளையாட்டுப் போட்டியன்று ஓட்டத்தில் நான்தான் முன்னுக்கு. முடிவுக் கயிறு கிட்ட வரும்போது வலது சப்பாத்து கழன்று பின்னால் பறந்தது. மற்றப் பிள்ளைகள் என்றால் ஒற்றைச் சப்பாத்தோடு ஓடியிருப்பார்கள். நான் திரும்பிப் போய்ச் சப்பாத்தை எடுத்தேன். எடுத்ததோடு விடாமல், சிந்திய பேப்பர்ச் சுருளையும் பொறுக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் ஓடி முடித்திருந்தார்கள். பார்த்துக்கொண்டு நின்ற பெரியம்மா, "பேப்பர் பொறுக்கப் போன பிள்ளை" என்று கனகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் அப்பா என்னைக் கதிரையில் இருத்தி, சப்பாத்துக்குள் விரலை விட்டுப் பார்த்து, ஒரு சுருளை வெளியில் எடுப்பார். "இன்னும் மூண்டு." பிறகு, "இன்னும் ரெண்டு." எனக்கு வயது கூடுவதை நான் அப்படித்தான் எண்ணினேன். ஒரே ஒரு சுருள் மிச்சம் இருந்தபோது தம்பி பிறந்தான், அம்மா படுக்கையில் விழுந்தார், குசினிச் சமையலும் கைக்குழந்தையும் என் பொறுப்பாயின. பள்ளிக்கூடம் அதோடு நின்றது. சப்பாத்தை ஏன் சும்மா வைத்திருக்க வேண்டும் என்று பெரியம்மாவின் மகள் ராணிக்குக் கொடுத்தார்கள். அவள் அந்தக் கடைசிச் சுருளை எடுத்து எறிந்துவிட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலால் நடந்து போனாள். ஒரு சத்தமும் வரவில்லை. அவளுக்கென்றே அளவெடுத்ததுபோல இருந்தது.

இவ்வளவும் பட்ட நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

இங்கே, நாங்கள் குடிபெயர்ந்து வந்த டூங்கபி என்ற ஊரில், சுதாவும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவதால், ஆரணியைக் கூட்டிக்கொண்டு திரிவது என் வேலை. பன்னிரண்டு வயதில் அவளுக்கு ஐஸ் ஹொக்கிப் பைத்தியம் பிடித்தது. இந்த வெயில் நாட்டில் பனிக்கட்டிக்கு மேல் ஓட வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ! அவளுக்கு என்னுடைய கால்: முன்பக்கம் அகலம், குதிக்கால் ஒடுக்கம். கடையில் செய்து வைத்திருக்கும் எதைப் போட்டாலும் ஒன்று விரல் நசுங்கும், இல்லையென்றால் குதிக்கால் கழலும். பெண்பிள்ளைகள் அணிக்கு ஆள் எடுக்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் அவள் காலுக்கென்றே அளவெடுத்து வெளிநாட்டில் செய்விப்பது என்று தீர்மானம்.

அளவெடுக்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் மார்க் என்ற வெள்ளைக்காரர், பொறுமைசாலி. அவர் உள்ளே கால் அளக்கும் மெசினைச் சரிசெய்யப் போன நேரத்தில் என் பையில் இருந்து இரண்டு சோடி தடித்த கம்பளிச் சொக்ஸை எடுத்தேன்.

"ரெண்டையும் போடு."

"அம்மம்மா, வை?"

"வளருற பிள்ளை. போடு, கதையாதை."

மார்க் வந்து பார்த்து, விளையாடும்போதும் இதைத்தான் போடுவாளா என்று கேட்டார். ஆரணி என்னைப் பார்த்தாள். நான் பெரிய மனுசிபோல "யேஸ், யேஸ்" என்றேன். மெசின் அவள் காலையும் என் கள்ளத்தையும் சேர்த்தே அளந்தது.

சில கிழமையில் சப்பாத்து வந்தது. அப்படி ஒரு வடிவு, அப்படி ஒரு தையல்! ஆனால் மெல்லிய சொக்ஸோடு பனியில் இறங்கியதும் ஒவ்வொரு தள்ளுக்கும் குதிக்கால் எழும்பியது, கணுக்கால் உள்ளுக்கு மடிந்தது. பிள்ளை விழுந்தாள், எழும்பினாள், திரும்பவும் விழுந்தாள். என் இரண்டு சோடியையும் போட்டுப் பார்த்தாள். சொக்ஸ் உள்ளுக்குள் நசிந்துபோக, கால் அப்போதும் ஆடியது. பனித்தளத்தைச் சுற்றிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அந்த "டொக்கு" கேட்கவில்லை, ஆனால் என் காலுக்குத் தெரிந்தது.

வீட்டில் சுதா, "அளவெடுத்துச் செய்தும் இப்பிடியா?" என்று கேட்க, ஆரணி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "மை ஃபீட் ஆர் வியர்ட், அம்மா. நான் விளையாடேல்லை, விடுங்கோ" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"சுதா, அவளின்ரை காலிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் ரெண்டு சொக்ஸ் போட்டு அளக்க விட்டனான்."

"அம்மா! என்ன வேலை செய்தனீங்கள்?"

"உனக்கும் அப்பிடித்தானே வாங்கினனான்."

"ஓம், பத்து வயசு வரைக்கும் சப்பாத்தை இழுத்து இழுத்து நடந்தனான்" என்றாள் அவள். அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அடுத்த சனிக்கிழமை மார்க்கின் கடையில் நானே ஒப்புக்கொண்டேன், ஆரணி ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குந்தியிருந்து விளங்கப்படுத்தினார்: நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும், குதிக்கால் மட்டும் அசையவே கூடாது. நாளைய காலுக்குச் செய்தால் இன்றைக்கு விழுவாள் என்றார். பொருந்தாவிட்டால் ஒருமுறை திருப்பிச் செய்து தருவார்களாம், கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

எழும்பப் போனவர் என் சப்பாத்தைப் பார்த்துவிட்டார். பெருவிரலால் அதன் நுனியை அமத்தினார், அது பொசுக்கென்று உள்ளே போனது. ஏதோ சொன்னார், ஆரணி தமிழில் சொன்னாள்.

"உள்ளுக்கை ஆக்கள் ஒருத்தரும் இல்லையாம், அம்மம்மா!"

கழற்றச் சொல்லிக் கையை விட்டார். பஞ்சு வந்தது. எழுபது வயதிலும் நான் பஞ்சு திணித்துக்கொண்டுதான் திரிந்திருக்கிறேன், இனி எந்தக் கால் வளரப்போகிறதென்று! மார்க் என் காலையும் அளந்து, ஆரணியின் காலும் என் காலும் ஒரே அளவு என்றார்.

இரண்டாம் சோடி, ஆள் எடுக்கும் கிழமைதான் வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் சொன்ன சூடான மணம் அன்றையதுதான். சூட்டில் இளகிய சப்பாத்து, ஆறும்போது காலின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளுமாம். அணிக்கு எடுத்த அந்த நாளில் ஆரணி விழவில்லை. சப்பாத்தின் அடியில் இருக்கும் கத்தி பனியைக் கீறுகிற "சர்ர்" மட்டும் கேட்டது. பெயர் வாசித்தபோது அவள் பெயரும் இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் முழங்காலில் இருந்து அவள் நாடாவைக் கட்டினேன். "டைற்றா, அம்மம்மா, இன்னும் டைற்றா" என்பாள்.

இப்போது அவளுக்குப் பதினான்கு. காலும் நீண்டுவிட்டது, வேறு சோடி, தானே கட்டிக்கொள்கிறாள். தன்னை வாசலிலேயே விட்டுவிட்டு என்னைப் போகச் சொல்லுகிறாள்கூட. பழைய சோடி கராஜ் கதவடியில் இருக்கிறது, சுதா யாருக்காவது கொடுக்கலாம் என்கிறாள்.

ஒருநாள் ஒருவரும் வீட்டில் இல்லாத நேரம் கதிரையில் இருந்து அதற்குள் என் காலை விட்டேன். நீளம் சரி, அகலம் சரி, குதிக்கால் அசையவில்லை. ஏழு வயதில் அந்தக் கடையில் நாலு எட்டு நடந்ததற்குப் பிறகு இப்போதுதான் ஒரு சப்பாத்து என்னைக் கட்டிப்பிடிக்கிறது என்று நினைத்த கணத்தில் கணுக்காலில் குத்தியது. சூட்டில் அது பிடித்துவைத்தது ஆரணியின் எலும்பை. காலை எடுத்துவிட்டுக் கையை விட்டுப் பார்த்தேன். அவளின் கணுக்கால் இருந்த அந்தச் சின்னக் குழி விரலுக்குத் தட்டுப்பட்டது. பன்னிரண்டு வயதுக் கால், அப்படியே.

கொடுக்க வேண்டாம் என்று சுதாவிடம் சொல்லிவிட்டேன். அது இனி ஒருவருக்கும் அளவில்லை.