இரண்டு குளோரினை ஒரே வாளியில் கொட்டிய காலை

கனடாவில், அஜக்ஸ் நகரில் நாங்கள் வாங்கிய வீட்டோடு பின்வளவு நீச்சல் குளமும் சேர்ந்து வந்தது. இந்த மே மாத லோங் வீக்கெண்டில் குளிர்கால மூடியை எடுத்து அதைத் திறந்தோம்.

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நானும் பதினான்கு வயது மகளும்தான் வீட்டில். மூடியின் மேல் பனி உருகிய தண்ணீரும் மேப்பிள் இலைகளும் ஊறிக் கூழாகக் கிடந்தன. சின்னப் பம்பால் அதை இறைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூடியை இழுத்தோம். உள்ளே கடும் பச்சைத் தண்ணீர். இரண்டாம் படிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

"ஈயூ அப்பா, திஸ் இஸ் அ ஸ்வாம்ப்," என்றாள் மகள்.

பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, தவளைப் பண்ணையே வைக்கப் போறீர்?"

"இண்டைக்கு மருந்து போட்டா நாளைக்குக் கண்ணாடி மாதிரி வந்திடும் அண்ணை."

மருந்து என்றது குளோரினை. புதிதாக ஒரு பெட்டித் தூள் வாங்கியிருந்தேன். போன வருட மிச்சமும் இருந்தது. அதன் பெட்டி உடைந்தபோது தூளை ஓர் ஐஸ்கிறீம் டப்பாவுக்கு மாற்றியிருந்தேன். எங்கள் வீட்டில் ஐஸ்கிறீம் டப்பா குப்பைக்குப் போவதில்லை. மிளகாய்த்தூள், கருவாடு, தையல் நூல் எல்லாம் அதற்குள்தான். மூடியில் பெயர் எழுதும் வழக்கமும் கிடையாது. திறந்து மணந்து பார்த்தால் போதும். அன்றும் திறந்து மணந்தேன். குளோரின்தான்.

வீணாக்கக் கூடாதென்று மிச்சத்தை முதலில் வாளியில் கொட்டினேன். போதாதென்று புதிய தூளையும் மேலே போட்டேன்.

"ரெண்டும் ஒரே சாமானோ?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை. குளோரின் எல்லாம் ஒண்டுதானே."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கரைத்து ஊற்றினால் சீராகப் பரவும் என்று நினைத்து, குளத்தில் ஒரு கோப்பை தண்ணீர் மொண்டு தூளின் மேல் விட்டேன். மகள் தடியோடு கலக்க வந்து, வாளிக்கு மேல் குனிந்தாள்.

முதலில் எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம். அடுத்த கணம் மஞ்சள் புகை குப்பென்று எழுந்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் விழுந்தாள்.

"அப்பா! கண்! என்ர கண்!"

எனக்கும் மூச்சு அடைத்தது. அவளை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஓடி, ஹோஸைப் பிடித்துப் பைப்பைத் திருகினேன். தண்ணீர் வரவில்லை. வெளிப் பைப் குளிருக்கு வெடிக்கக் கூடாதென்று நிலத்தடி பேஸ்மென்றில் அடைத்து வைத்த வால்வை நான் இன்னும் திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு குளம் நிறையத் தண்ணீர். அதில் ஒரு கை அள்ளி அவள் கண்ணில் விட முடியாது.

குசினிக்குள் இழுத்துக்கொண்டு ஓடினேன். அவள் தலையைப் பைப்புக்குக் கீழே பிடித்து, கண்ணிமைகளை விரலால் விரித்தேன். அவள் இருமினாள், உதைத்தாள், என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை. மற்றக் கையால் அவசர உதவிக்கு 911-ஐ அழுத்தினேன். என்ன இரசாயனம் என்று அழைப்பை எடுத்த பெண் கேட்டாள். குளோரின் என்றேன். என்ன குளோரின் என்றாள். புதிய பெட்டியில் எழுதியிருந்தது. பழையது எது என்று எனக்குத் தெரியாது.

முதலில் வந்த தீயணைப்பு வீரர் வாளியைப் பார்த்துவிட்டு யாரும் கிட்டப் போக வேண்டாம் என்று சொன்னார். பூல் குளோரினில் பல வகை உண்டு, உலர்ந்த தூளாக இருந்தாலும் ஒன்றோடொன்று சேரவே கூடாது, தூளின் மேல் தண்ணீர் விடவும் கூடாது என்றார். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் மகளின் கண்ணில் ஒரு சாயத் துளி விட்டு, விளக்கை அணைத்து, நீல ஒளியில் பார்த்தார். வலக் கண்ணை வெகுநேரம் பார்த்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காயம் இல்லை, நெஞ்சும் தெளிவாக இருக்கிறது, உடனே கழுவியது நல்லது, இருமல் சில நாள் இருக்கும் என்றார். நல்லது என்ற சொல் எனக்குரியதாகப் படவில்லை.

வேலையிடத்திலிருந்து நேரே ஓடி வந்திருந்த மனைவியிடம் மகள் முந்திக்கொண்டாள். "நான்தான் அம்மா கிட்டப் போய்ப் பாத்தனான்."

"இல்லை," என்றேன். "நான்தான் கலந்தனான். என்னெண்டு தெரியாமல்."

மனைவி கார்ச் சாவியை என் கையில் வைத்துவிட்டு, மகளோடு பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

சிவப்பு விளக்கில் நின்றபோது மகளிடம் முன்னால் நின்ற வாகனத்தின் இலக்கத்தை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். வலக் கண்ணை மட்டும் திறந்து வாசி என்றேன். வாசித்தாள். அடுத்த சந்தியிலும் கேட்டேன்.

"அப்பா," என்றாள், இருமலுக்கு நடுவில். "லைட் மாறிட்டுது. போங்கோ."