முகத்தை உரிப்பதற்கு முன்னால்

முகத்துத் தோலை உரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், "கோழிக்கடையிலயா?" என்று கேட்காதவர்கள் அப்போது அரியலூரில் இல்லை. இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்த கதை. திருச்சியிலிருந்து ஒரு தோல் டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள் எங்கள் கிளினிக்குக்கு வருவார். முகத்தில் அமிலம் தடவி, மேல்தோலை மெல்ல உரியவைத்து, பருத் தழும்பையும் கரும்படையையும் குறைக்கும் சிகிச்சை. 'பீலிங்' என்போம். தடவுவது டாக்டர் வேலை, சில நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்லிப் புரியவைப்பது நர்ஸான என் வேலை. தொண்டைத்தண்ணி வற்றிப்போகும். மருந்துக்கடையிலோ ஆஸ்பத்திரியிலோ நின்றுகொண்டு, "சொன்னதைக் கொஞ்சம் கேளுங்கம்மா" என்று நீங்களும் கெஞ்சியிருக்கிறீர்களா? அப்படியானால் நம் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

கரும்புக்கொல்லைக்காரர்

திருமானூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மகளின் கன்னத்தில் பருத் தழும்பு என்று கூட்டிவந்தார். அமிலம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எழுந்துவிட்டார். பேட்டரிக்கு ஊற்றுகிற ஆசிட்டை எம்புள்ள மூஞ்சியில ஊத்தப் போறீங்களா என்று ஒரே சத்தம். அவரைக் குறை சொல்ல முடியுமா? பெற்றவர் பயப்படாமல் வேறு யார் பயப்படுவார்? இது வேறு அமிலம், முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்போம், பச்சை மிளகாய் பட்ட மாதிரி சுருசுருவென்று எரியும், டாக்டர் நேரம் பார்த்துக் கழுவிவிடுவார் என்றெல்லாம் சொன்னேன். மனிதர் மசியவில்லை.

கடைசியில், இந்த அமிலம் கரும்பிலும் இருக்கிறதுதான் ஐயா என்றேன். சட்டென்று உட்கார்ந்துவிட்டார். கரும்புத் தோகை கீறிய தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மகள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

"ஏம்மா, பொறந்ததுலேர்ந்து நான் கரும்புக்குள்ளதான் கெடக்கேன். எனக்கு மட்டும் ஏன் எதுவும் உரியல?"

அனுப்பாத போட்டோ

பாக்கியம் ஆண்டிமடத்துக்காரி. முப்பது வயசு இருக்கும். வெயில் காலத்தில் தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்குவாள், மற்ற நாளில் கொட்டை உடைப்பாள். ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்திருந்தன. அவள் கவலை விரலைப் பற்றியது அல்ல. இரண்டு கன்னத்திலும் மூக்கிலும் பழுப்பாக மங்கு படர்ந்திருந்தது. வாசலில் ஆள் நடமாட்டம் தெரிந்தால்கூட முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள்.

புருஷன் துபாயில் கட்டட வேலை. போய் நாலு வருஷம். அவன் கையில் இருப்பது கல்யாண போட்டோ ஒன்றுதான். புதுசாக ஒன்று எடுத்து அனுப்பு என்று போனில் கேட்கும்போதெல்லாம், ஸ்டூடியோ பூட்டியிருக்கு, போட்டோக்காரர் ஊரில் இல்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறாள். இப்போது அவனே வருகிறான். இன்னும் பத்து நாள்தான். அதற்குள் உரித்துவிடுங்கள் என்று நிற்கிறாள்.

டாக்டர் முடியவே முடியாது என்றார். மங்கு என்பது வெயில் பட்டால் திரும்ப ஏறும். வெயிலில் காய்ந்த தோலைத் தயார் செய்யாமல் உரித்தால் முன்னைவிடக் கறுத்துப்போகவும் வாய்ப்புண்டு. எல்லாம் நல்லபடி நடந்தாலும், உரிந்து முடியும்வரை முகம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அந்த முகத்தோடா போய் நிற்பாய்? முதலில் ராத்திரிக்கு ஒரு களிம்பு, பகலுக்கு சன்ஸ்க்ரீன், தோப்புக்குப் போவதை நிறுத்த வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். இதையே நான் இன்னும் இரண்டு தடவை, மெதுவாகச் சொன்னேன். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் அழுதாள். டாக்டர் சொன்னது நியாயம் என்று தெரிந்தும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஏர்போர்ட்டுல என்னை அடையாளம் தெரியாம, அது பாட்டுக்குத் தாண்டிப் போயிட்டா நான் என்னக்கா செய்வேன்?"

ஒரு டியூப் சன்ஸ்க்ரீன்

கல்லங்குறிச்சியிலிருந்து வந்த மருமகள் ஒருத்திக்கு ஒரு மாசத்துக்கென்று சன்ஸ்க்ரீன் டியூப் எழுதிக் கொடுத்தோம். அடுத்த வாரமே தீர்ந்துவிட்டது என்று வந்து நின்றாள். அள்ளிப் பூசிவிட்டாயா, இல்லை தொலைத்துவிட்டாயா என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவள் சொன்ன பதிலைக் கேட்டு, என் அலமாரியில் இருந்த சாம்பிள் டியூபையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"மாமியா, நாத்தனாரு, கொழுந்தன்னு வூட்டுல எல்லாரும் போட்டுக்கிட்டாங்கக்கா. கேட்டா, நாங்க மட்டும் என்ன நெழல்லயா வேல செய்யறோம்னு சொல்றாங்க."

'வேற ஒண்ணும் போடலிங்க'

நான் கேட்கும் கேள்விகளில் முக்கியமானது, முகத்துக்கு வேறு ஏதாவது க்ரீம் போடுகிறீர்களா என்பது. நூறு பேரைக் கேட்டால் நூறு பேரும் இல்லை என்பார்கள். பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்த ஒரு பையனும் இல்லை என்றான். முகமோ வெயிலில் வந்த உடனே செக்கச்செவேல் என்று எரிகிறது, தோல் வெங்காயச் சருகாக மெலிந்திருக்கிறது. ஏதோ ஒன்றை நிறுத்தினால் அரிக்கிறதா தம்பி என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். ஆமாம் என்று ஒப்புக்கொண்டான். சீக்கிரம் சிவப்பாகலாம் என்று யாரோ சொல்ல, படைக்குப் போடுகிற ஸ்டீராய்டு களிம்பை ஒரு வருஷமாக முகத்தில் தடவியிருக்கிறான்.

அந்தத் தோலில் அமிலம் பட்டிருந்தால் புண்ணாகியிருக்கும். டாக்டர் அவனைத் திட்டவில்லை. முதலில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்த வழி சொன்னார், பீலிங் பேச்சை அப்புறம் எடுக்கலாம் என்றார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நான்தான் ஆதங்கத்தில் கேட்டேன். பாவம், அவன் பொய் சொல்லவில்லை.

"நீங்க க்ரீம்னுதானே கேட்டீங்க சிஸ்டர்? அது க்ரீம் இல்லிங்க, மருந்துக்கடையில குடுத்தது."

டீச்சரின் கை

அமிலம் தடவிய சில நாளில், உரிவது உதட்டோரத்தில் ஆரம்பிக்கும். சின்னச் சின்னச் செதிலாக எழும்பும். கை சும்மா இருக்காது. பிய்க்காதீர்கள், தானாக உதிரட்டும், பிய்த்தால் தழும்பாகும் என்பது நான் சொல்லிச் சொல்லி அலுத்த வாக்கியம். ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒருவர் அத்தனையையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். புருவம் திருத்துவதை நிறுத்தினார், ப்ளீச் பக்கம் போகவில்லை, சாப்பிடுகிற மாத்திரைகளைக்கூட மறைக்காமல் சொன்னார். அப்படிப்பட்டவர் கடைசியில், தாடையில் ஒரு செதிலைப் பிய்த்துவிட்டு வந்து நிற்கிறார். சின்னதாக ஒரு கறுப்பு. நாளாவட்டத்தில் மறைந்துவிடும் என்று ஆறுதல் சொன்னேன்.

"அத்தனை புள்ளைங்களையும் கையக் கட்டி உக்கார வெச்சிட்டேன் சிஸ்டர். என் கையத்தான் கட்ட முடியல."

ஏர்போர்ட்

பாக்கியத்தை அனுப்பிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. அவள் சொன்ன நாள் வந்துபோனது. அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. பாவி, வேறு எங்காவது போய் எதையாவது தடவிக்கொண்டிருப்பாளோ என்று பயம் வேறு. அவன் முகம் சுளித்திருந்தால்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? இதற்கெல்லாம் என்னிடம் களிம்பு இல்லை.

அடுத்த வாரம் கிளினிக் வாசலில் அதே முந்தானை. பின்னாலேயே ஒரு ஆள். உச்சியில் முடி பாதிக்கு மேல் இல்லை. கன்னம் ஒட்டி, நெற்றியும் மூக்கும் கருகருவென்று காய்ந்து, உதடு வெடித்திருந்தது. பாலைவனத்து வெயில் மனிதரை ஒரு வழி செய்துவிட்டிருந்தது. கல்யாண போட்டோவை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்கவே மாட்டார். அவரும் இந்த நாலு வருஷத்தில் ஒரு போட்டோகூட அனுப்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பாக்கியம் வேறெங்கும் போய் எதையும் தடவிக்கொள்ளவில்லை. நாங்கள் கொடுத்த களிம்பைச் சொன்னபடியே போட்டிருந்தாள். மங்கு அப்படியேதான் இருந்தது, அதற்குள் குறையவும் குறையாது. ஆனால் முந்தானை முகத்தைவிட்டு நழுவித் தோளில் கிடந்தது, அவள் இழுத்துவிடவில்லை. என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டேன். வெட்கமும் சிரிப்புமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். அவர்தான் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டு, முகத்தை என் பக்கம் நீட்டினார்.

"ஏர்போர்ட்டுல இவ மூஞ்ச மூடிக்கிட்டு நின்னப்பவே நான் கண்டுபுடிச்சிட்டேங்க. இவதான் என்னைத் தாண்டிப் போயி, எவனோ ஒருத்தன் பொட்டியப் புடிச்சிக்கிட்டு வாங்க போவலாம்னு நிக்கிறா. உரிக்கிறதா இருந்தா மொதல்ல எனக்கு உரிங்க சிஸ்டர்."

டாக்டர் அமில பாட்டிலைத் திறக்காமலே ஆளுக்கொரு சன்ஸ்க்ரீன் டியூப் எழுதிக் கொடுக்க, வெயிலில் போகாதீங்க என்று நான் சொல்ல, இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டிவிட்டு, உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்குச் சிரித்துக்கொண்டே நடந்து போனார்கள்.