சேற்றுத் தடத்தில் ஒரு தார்ரோட்டுக் கார்

மண்வாசனையைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள். எனக்கு நினைவிருப்பது மண்ணின் ருசி. பல்லிடுக்கில் நறநறவென்று, கொஞ்சம் பெற்றோல் வாசத்தோடு...

மொன்றியலுக்கு வந்த புதிது. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்த நான், டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களின் உள்ளே கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் யூட். மன்னார்ப் பெடியன். என்னை மாஸ்டர் என்றே கூப்பிடுவான். புவாண்ட்-கிளேரில் மார்செல் என்பவரின் கராஜில் வெல்டிங் வேலை.

மார்செலுக்கு ஒரு ஸ்டொக் கார் இருந்தது. முட்டை வடிவத் தார்த் தடத்தில் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடும் ரேஸ் கார். கார் உருண்டாலும் ஓட்டுபவரைக் காக்கும் அதன் கம்பிக் கூட்டை இரண்டு குளிர்காலம் இருந்து ஒட்டியவன் யூட். ஓட்டுபவர் மட்டும் வேறொருவர், ரோஜே. சனிக்கிழமைகளில் ரோஜே ஓடுவார், யூட் ஸ்பானரோடு நிற்பான், நான் சும்மா நிற்பேன்.

ஒரு கோடையில் தார்த் தடத்தைத் திருத்தவென்று மூடிவிட்டார்கள். அந்த வாரப் போட்டி தூரத்தில் இருந்த ஒரு மண் தடத்துக்கு மாறியது. ரோஜே கையை விரித்துவிட்டார். தார்ரோட்டுக்குச் செய்த காரைச் சேற்றில் ஓட்ட அவருக்கு மனமில்லை. மார்செல் யூட்டைப் பார்த்தார். நீ ஓடு என்றார். முதல் நாலு பேருக்குள் வந்தால், அடுத்த வருடம் அந்தச் சீட் உனக்குத்தான் என்றும் சொன்னார்.

அன்று இரவு யூட் நித்திரை கொள்ளவில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்த நானுந்தான்.

மண் தடத்தில் வேறு சட்டம். போட்டிக்கு முன்னர் தண்ணீர் அடித்து ஊறவிடுவார்கள். வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கும். கார் இடப்பக்கம் திரும்ப, ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடிக்க வேண்டும். தார்ரோட்டில் பழகியவர்களுக்கு இது வராது. யூட்டுக்கு வந்தது. பனிக்காலத்தில் கராஜின் இழுவை லொறியை ஓட்டுகிறவன் அல்லவா. "சினோப் பனியில வழுக்கேக்க பிரேக் மிதிக்கிறவன் மதிலுக்குள்ளதான் போவான் மாஸ்டர்" என்பான்.

போட்டிக்குச் சற்று முன் பக்கத்துக் காரின் சொந்தக்காரர் வந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னார். முழங்கால்வரை சேறு, நல்ல மனிதர்.

"முன்கண்ணாடியைக் கழட்டச் சொல்லுறார் மாஸ்டர். இஞ்ச எல்லாரும் கம்பி வலைதானாம். கழட்டவோ?"

சுற்றிப் பார்த்தேன். உண்மைதான், ஒரு காரிலும் கண்ணாடி இல்லை. ஓட்டுபவர்கள் ஹெல்மெட்டின் முகமூடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை அடுக்காக ஒட்டியிருந்தார்கள். சேறு பட, ஒவ்வொன்றாக வெங்காயம் உரிப்பதுபோல உரித்து எறிவார்களாம். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அங்கே எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் பௌதிகம். அதைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது!

"விசரே உனக்கு? முன்னால திறந்து கிடந்தாக் காத்து உள்ளுக்க புகுந்து காரைப் பின்னால இழுக்கும். விரிச்ச குடையோட சைக்கிள் ஓடிப் பாத்திருக்கிறியே?"

"ஓடியிருக்கிறன். குடைதான் முறிஞ்சது."

"அப்ப விளங்குதுதானே? கண்ணாடி இருக்கட்டும்."

"நீங்கள் சொன்னாச் சரி மாஸ்டர்."

சீட்டுக் குலுக்கியதில் அவனுக்கு முன்வரிசை விழுந்தது. கொடி அசைந்ததும் முதலாவதாகப் பாய்ந்தான். வளைவுகளில் அந்தக் கார் குறுக்காக மிதந்து வந்த அழகை எப்படிச் சொல்ல... சறுக்கிப் போகும் சோப்புக் கட்டியை யாரோ விரல் நுனியால் நடத்துவது போல. மார்செல் என் தோளைப் பிடித்து உலுக்கினார். பதினைந்து சுற்றில் ஆறு சுற்று அவனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

ஏழாவது சுற்றில், ஒரு சுற்று முழுக்கப் பின்தங்கி ஆகக் கடைசியில் ஓடிக்கொண்டிருந்த கார்களை எட்டிப் பிடித்தான். அவற்றின் டயர்கள் வாரியடித்த சேறு நேரே முன்கண்ணாடியில். ஒரே அடியில் சுவர் பூசியது போல மூடிவிட்டது. வைப்பரும் கிடையாது. வேகம் தளர்ந்தது. தடவித் தடவித் தடத்தின் ஓரம் நாங்கள் நின்ற இடத்துக்கு வந்து நின்றான்.

"ஒண்டும் தெரியேல்லை மாஸ்டர், கெதியாக் கழட்டுங்கோ!"

எட்டுத் திருகாணி. ஒவ்வொன்றாகக் கழட்டினேன். ஓடிப் போன ஒவ்வொரு காரும் என் முகத்திலும் வாயிலும் சேற்றை அடித்தது. கண்ணாடியை இழுத்து எறிந்தபோது அவன் இரண்டு சுற்றுப் பின்னால். கடைசியாக வந்தான். மார்செல் காரை லொறியில் ஏற்றத் தொடங்கினார். அடுத்த வருடம் தார்த் தடம் திறந்தது. ரோஜே ஓடினார். யூட் ஸ்பானரோடு நின்றான்.

"பரவாயில்லை மாஸ்டர்" என்றான் திரும்பி வரும்போது. பிறகும் எப்போது அந்தப் பேச்சு வந்தாலும் அதே பரவாயில்லைதான்.

நான் சொன்ன விதி பிழையில்லை. குடையோடு சைக்கிள் ஓடினால் காற்று இழுக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சின்னத் தடத்தில், அந்த வேகத்தில், எதிரி காற்றல்ல, சேறு. சேற்றிலேயே நின்ற ஒரு மனிதர் வந்து சொல்லியும் நான் கேட்கவில்லை. பின்னாளில் இங்கே மறுபடியும் வகுப்பெடுக்கப் போனபோது, பிள்ளைகள் கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல என் வாய் கொஞ்சம் தயங்கும். பொறுமையான ஆசிரியர் என்று பேர் வந்தது. அந்தப் பேருக்கு யூட் கொடுத்த விலை அவர்களுக்குத் தெரியாது.

போன ஞாயிறு யூட் வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்கும் தலை முழுக்க வெள்ளை. என் பேத்தி திரையில் கார் ரேஸ் விளையாடிக்கொண்டிருந்தாள். தாரா மண்ணா என்று ஒரு பட்டனில் தெரிவு செய்கிறாள். மண் என்றால் காரும் தானாக மாறிவிடுகிறது. டயர் வேறு, கண்ணாடிக்குப் பதில் வலை. கேட்க ஒரு மாஸ்டர் தேவையில்லை. "பிரேக் பிடியாதையம்மா, வழுக்க விடு" என்று யூட் சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்குத் தாங்கவில்லை. "அண்டைக்கு நான் வாயை வைக்காட்டி நீ வெண்டிருப்பாய், என்ன?"

வழக்கமான அந்தப் பரவாயில்லைக்காகக் காத்திருந்தேன். அந்தக் காலத்தில் இந்த ஊரில் அவனுக்கு நானும் எனக்கு அவனுந்தான். ஒருவரை ஒருவர் நோகப் பேச எங்களுக்கு வசதி இருக்கவில்லை.

யூட் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

"ஓம் மாஸ்டர். வெண்டிருப்பன்."

பிறகு தேத்தண்ணியை எடுத்துக் குடித்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு நெஞ்சு லேசானது.